பிரவுசர் திறக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். ஆறு வருடப் பழைய லேப்டாப், விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். குரோம் ஐகானைத் தட்டினால் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் விண்டோ வருகிறது. கேஷை அழித்தாயிற்று, ஹிஸ்டரியை அழித்தாயிற்று, குரோமையே எடுத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. எட்ஜ் மட்டும் சட்டென்று திறக்கிறது. அப்புறம் குரோமுக்கு மட்டும் என்ன கேடு?

முதலில் ஸ்பீடு டெஸ்டை மறந்துவிடுங்கள். விண்டோ திறப்பதற்கும் நெட்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. பிரவுசர் என்பது உங்கள் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். ஐகானைத் தட்டியதும் அது டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஏற வேண்டும், உங்கள் புரொஃபைலை, அதாவது உங்கள் செட்டிங்ஸ், ஹிஸ்டரி, புக்மார்க் எல்லாம் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன்கள் என்று நீங்கள் ஒட்டவைத்த துணைக் கருவிகளை எழுப்ப வேண்டும், கிராபிக்ஸ் டிரைவரைப் பிடித்து ஒரு விண்டோவை வரைய வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டாலும் இத்தனையும் நடக்கும். நம்பிக்கை இல்லையென்றால் அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பாருங்கள், அதே ஒன்றரை நிமிடம்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணனும் இதே வழியில்தான் போனார். போட்டித் தேர்வு ஹால் டிக்கெட் வரும் நாட்களில் அவர் கடையில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர் ஐகானைத் தட்டுவார், ஒன்றும் வராது, மறுபடி தட்டுவார், மறுபடி தட்டுவார், இரண்டு நிமிடம் கழித்து ஐந்து விண்டோ வரிசையாக வந்து விழும். "தம்பி, நெட்டு ரொம்ப ஸ்லோ. புது ரௌட்டர் வாங்கி மாட்டிட்டேன், அப்பவும் இப்படியே இருக்கு" என்றார். ரௌட்டருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்களுடையதும் கிட்டத்தட்ட அதே கதை.

எதையும் அழிப்பதற்கு முன், எடுப்பதற்கு முன், காத்திருப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம், விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, ஷட் டவுன் கொடுத்தால் கர்னல் என்ற விண்டோஸின் மையப் பகுதியையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்து விரிக்கும், ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். மறுபடி உள்ளே வந்ததும் பிரவுசரைத் தொடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். உங்கள் மாதிரி கம்ப்யூட்டரில் அது முதல் சில நிமிடம் 100 சதவீதத்திலேயே நிற்கும். அது பத்துக்குக் கீழே இறங்கி அடங்கும்வரை டீ குடியுங்கள். அடங்கிய பிறகு குரோமைத் திறந்து, தட்டியதிலிருந்து விண்டோ வரும்வரை எத்தனை விநாடி என்று குறியுங்கள். மூடுங்கள். உடனே இரண்டாவது தடவை திறந்து அதையும் குறியுங்கள். மூன்றாவதாக, விண்டோ வந்ததிலிருந்து ஏதாவது ஒரு பக்கம் முழுதாகத் தெரிய எவ்வளவு ஆகிறது என்பதையும் குறியுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மூடிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் குரோம் சில சமயம் மூடாது. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடட்டும் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஆனில் இருந்தால் இரண்டாவது திறப்பு பொய்யாக வேகமாகத் தெரியும். அதனால் சோதனை முடியும்வரை அதை அணைத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயரே இல்லை என்று பார்த்த பிறகு இரண்டாவது தடவை தட்டுங்கள். எட்ஜ் உங்களிடம் சட்டென்று திறப்பதன் ரகசியமும் அநேகமாக இதுதான். 2021-இல் அதில் ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, நீங்கள் விண்டோஸுக்குள் நுழைந்ததுமே எட்ஜின் சில பகுதிகள் பின்னணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தட்டும்போது அது பாதி திறந்துதான் இருக்கிறது. அந்த வேகத்துக்கு விலையாக உங்கள் 4 ஜிபியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது, அதைக் குரோம் திறக்கும்போது நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

சரி, குறித்த எண்களுக்கு வருவோம்.

முதல் தடவை 90 விநாடி, இரண்டாவது தடவை 5 விநாடி என்று வந்தால் குற்றவாளி டிஸ்க். வேறு எங்கேயும் தேட வேண்டாம். முதல் தடவை படித்ததையெல்லாம் விண்டோஸ் ரேமில் மிச்சமிருக்கும் இடத்தில் கேஷாக வைத்திருக்கும், இரண்டாவது தடவை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. அதே பிரவுசர், அதே புரொஃபைல், அதே எக்ஸ்டென்ஷன்கள். மாறியது டிஸ்க் மட்டும்தான்.

டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான இடம் தலைக்கு நேராக வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. இப்படி ஒரு இடத்தைப் படிக்கவே 15, 17 மில்லி விநாடி போய்விடுகிறது என்றால் விநாடிக்கு அறுபது இடத்துக்குமேல் அதனால் தொட முடியாது. தொடர்ச்சியாகக் கிடக்கும் ஒரு சினிமா ஃபைலை விநாடிக்கு 100 எம்பி என்று அள்ளிக் கொட்டும் அதே டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டால் திணறும். பழைய மளிகைக் கடையில் பரணில் ஏறி இறங்க ஒரே ஒரு பையன் இருப்பானே, அந்த மாதிரி. ஒரு மூட்டை அரிசி கேட்டால் சிரமமில்லை, ஒரே ஏற்றத்தில் இறக்கிவிடுவான். கடுகு, சீரகம், மிளகு, பெருங்காயம் என்று தனித்தனியாக நாற்பது பொட்டலம் கேட்டால் நாற்பது தடவை ஏணி ஏற வேண்டும்.

பிரவுசர் கேட்பது நாற்பது பொட்டலம் இல்லை, ஆயிரக்கணக்கில். குரோமின் முக்கியமான டிஎல்எல் என்ற புரோகிராம் ஃபைல் ஒன்று மட்டுமே 200 எம்பி அளவுக்கு வரும். அப்புறம் ஹிஸ்டரி, குக்கீ, ஃபேவிகான் எல்லாம் தனித்தனி டேட்டாபேஸ், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு ஃபோல்டர். இதற்கிடையில் விண்டோஸ் அப்டேட், சர்ச் இன்டெக்ஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் அதே பையனை அதே ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தால் ஒன்றரை நிமிடம் ஒன்றும் அதிசயமில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பிரவுசரைத் தட்டும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கம் போய், கூடவே எழும் வேண்டாத சாஃப்ட்வேர்களை டிசேபிள் செய்யுங்கள், கொஞ்சம் மூச்சு விடும்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை இருபது விநாடியில் திறந்தது திடீரென்று ஒன்றரை நிமிடம் ஆனது என்றால் அது வயதுக் கோளாறு இல்லை, டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயலும்போது கம்ப்யூட்டர் மொத்தமும் உறைந்த மாதிரி நிற்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம், அங்கே டிஸ்க் என்ற பெயரில் ஈவென்ட் எண் 7 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோசமான பிளாக் இருக்கிறது என்று விண்டோஸே சொல்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளுக்கு எதிரே, ரா வேல்யூஸ் என்ற பத்தியில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் வந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான். அப்படியானால் பிரவுசரை விடுங்கள், முதலில் போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறு எங்காவது காப்பி எடுங்கள்.

இப்போது அடுத்த நிலைமை. முதல் தடவையும் மெதுவு, இரண்டாவது தடவையும் கிட்டத்தட்ட அதே மெதுவு. இங்கே டிஸ்க் ஓரளவுக்குத்தான் காரணம், புரொஃபைலோ எக்ஸ்டென்ஷனோ ஆன்டிவைரஸோ குறுக்கே நிற்கிறது. குரோமை எடுத்துவிட்டு மறுபடி போட்டும் பயனில்லை என்றீர்களே, அது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அன்இன்ஸ்டால் செய்யும்போது பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதை டிக் செய்யாவிட்டால் உங்கள் புரொஃபைல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அப்படியே பத்திரமாக இருக்கும், புதிதாகப் போட்ட குரோம் வந்ததும் அதே பழைய மூட்டையைத் தூக்கிக்கொள்ளும். டிக் செய்திருந்தாலும் கூகுள் கணக்கில் நுழைந்ததும் சிங்க் வழியாக அதே எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாகத் திரும்பி வந்துவிடும். வீடு மாறினாலும் சாமான் எல்லாம் அதேதான்.

இதைச் சோதிக்க எதையும் அழிக்க வேண்டியதில்லை. மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தட்டி, புதிதாக ஒரு புரொஃபைல் சேருங்கள். கணக்கில் நுழையாமல் விடுங்கள். குரோமை முழுதாக மூடிவிட்டு அந்தக் காலி புரொஃபைலில் திறந்து பாருங்கள். அது நாலைந்து விநாடியில் வந்தால் தவறு உங்கள் பழைய புரொஃபைலில். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்காதீர்கள், பொழுது போய்விடும். பாதியை அணையுங்கள். வேகம் வந்தால் தவறு அந்தப் பாதியில், வராவிட்டால் மறு பாதியில். பதினாறு எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நாலே சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். என் அனுபவத்தில் பெரும்பாலும் மாட்டுவது இரண்டு விளம்பரத் தடுப்பான்களை ஒன்றாகப் போட்டிருப்பவர்களும், எப்போதோ ஒரு பிடிஎஃப்பை மாற்றுவதற்காகப் போட்டு மறந்துபோன ஏதோ ஒன்றும்தான்.

எக்ஸ்டென்ஷன் எல்லாம் அணைத்தும் பழைய புரொஃபைல் மட்டும் மெதுவென்றால், புது புரொஃபைலுக்கே குடிபோய்விடலாம். போவதற்கு முன் புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பாஸ்வேர்டுகள் சிங்க் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். புரொஃபைல் ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்தால் பாஸ்வேர்டும் வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது, அவை உங்கள் விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு திறந்தால் டிரபிள்ஷூட் மோட் கேட்கும், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் திறந்து பார்க்கலாம். அங்கேயே ரிஃப்ரெஷ் என்ற வழியும் உண்டு, புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்துவிட்டு, பழையதை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவிடும்.

காலி புரொஃபைலும் இரண்டாவது திறப்பில் மெதுவென்றால் ஆன்டிவைரஸ் பக்கம் திரும்புங்கள். லேப்டாப் வாங்கும்போதே 30 நாள் டிரையல் என்று ஒன்று உள்ளே இருக்கும், முடிந்துபோன பிறகும் யாரும் எடுக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் கடை அண்ணன் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று காலாவதியாகிக் கிடந்தது, அதற்கு மேல் அவர் மருமகன் இன்னொன்றைப் போட்டிருந்தார். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருந்தன. ஒரு பில்லின் பின்பக்கத்தில் குறித்தோம், முதல் தடவை 110 விநாடி, இரண்டாவது தடவை 40. இரண்டையும் எடுத்துவிட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை மட்டும் விட்டோம். ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் முதல் தடவை 70, இரண்டாவது தடவை 6. மிச்சமிருந்த எழுபதுக்கு டிஸ்க்தான் காரணம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது நிலைமை உங்களுக்கு இல்லை என்று தோன்றுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். விண்டோ உடனே வருகிறது, ஆனால் வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கீழே இடது மூலையில் மங்கலாக ஓடும் எழுத்தைப் படியுங்கள். ரிசால்விங் ஹோஸ்ட் என்று நின்றால் டிஎன்எஸ் தாமதம், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை தாமதிக்கிறது; ரௌட்டரிலோ விண்டோஸிலோ டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். ரிசால்விங் பிராக்ஸி என்று நின்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் பிராக்ஸி, அங்கே தானாகக் கண்டுபிடி என்ற பொத்தானை அணையுங்கள். பிராக்ஸி என்பது உங்களுக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர். வீட்டில் பெரும்பாலும் அது கிடையாது, இல்லாத ஒன்றைத் தேடி ஒவ்வொரு முறையும் சில விநாடி வீணாகும். ஆபீஸ் லேப்டாப் என்றால் மட்டும் தொடாதீர்கள், உங்கள் ஐடி ஆள் திட்டுவார். விண்டோ வந்து உள்ளே கறுப்பாகவோ வெள்ளையாகவோ உறைந்து நின்றால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், அதுவரை குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் தருவதை) அணைத்து வையுங்கள்.

திறந்ததும் முன்பின் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது என்றால் குரோம் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைக் கடைசிவரை நகர்த்திப் படியுங்கள். மேற்கோள் குறிக்குப் பிறகு ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது யாரோ செருகியது. அந்த ஷார்ட்கட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், ஒரு ஸ்கேனும் ஓடவிடுங்கள்.

டேப் விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடர் என்று வைத்துக்கொண்டு நாற்பது டேப்போடு மூடுகிறீர்கள் என்றால், 4 ஜிபியில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தில் குரோம் அவற்றை ஒவ்வொன்றாக எழுப்பப் பார்க்கும், இடம் போதாமல் மறுபடி டிஸ்க்கில் எழுதும், அங்கே அந்தப் பையன் ஏற்கெனவே ஏணியில். புது டேப் மட்டும் திற என்று மாற்றிவிடுங்கள். ஃபயர்பாக்ஸ் இதில் கொஞ்சம் சமர்த்து, பழைய டேப்பை நீங்கள் தொடும்வரை அது ஏற்றாது.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கேஷை தினமும் அழிப்பதால் திறப்பது வேகமாகாது, பக்கங்கள் வருவதுதான் மெதுவாகும், ஏனென்றால் படங்களையெல்லாம் மறுபடி நெட்டிலிருந்து இழுக்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் பிரீஃபெட்ச் என்று இருப்பதை அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். எந்த சாஃப்ட்வேர் திறக்கும்போது எந்தெந்த ஃபைல்களைப் படிக்கிறது என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் இடம் அது, அடுத்த தடவை முன்கூட்டியே எடுத்து வைப்பதற்காக. அதை அழித்தால் அடுத்த திறப்பு இன்னும் மெதுவாகும். ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம், கூடவே ஓடும் சாஃப்ட்வேர்களில் இன்னொன்று கூடுவதுதான் மிச்சம்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு என் கணிப்பு டிஸ்க்தான். எண்களும் அப்படியே வந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வாங்கி மாற்றுங்கள். அதில் சுற்றுவதும் கிடையாது, தலை நகர்வதும் கிடையாது, விநாடிக்கு அறுபது இடம் என்பது பல்லாயிரமாகும். 240, 256 ஜிபி போதும். வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலில் எந்த வகை பொருந்தும் என்று பார்த்துவிடுங்கள், சிலவற்றில் எம்.2 என்ற சின்ன எஸ்எஸ்டிக்கான ஸ்லாட் சும்மாவே கிடக்கும். ரேமுக்குக் காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேருங்கள், ஆனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு. சென்னை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகள் பக்கம் போக வாய்ப்பிருந்தால் அங்கேயே மாட்டி, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து (குளோன் செய்து) தருவார்கள், பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

இதையே சாக்காக வைத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் யோசிக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதென்றால் எஸ்எஸ்டி மாற்றும்போதே அதைப் போட்டுவிடுங்கள். லினக்ஸ் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உபுண்டு என்ற லினக்ஸில் 22.04 பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவத்தில்தான் வருகிறது, சுருக்கிக் கட்டிய மூட்டையைப் பிரித்துக்கொண்டே படிப்பதால் முதல் திறப்பு மெதுவென்று பெரிய புகார் எழுந்தது. பிறகு சுருக்கும் முறையை மாற்றி ஓரளவு சரிசெய்தார்கள். அதுவும் போதவில்லை என்றால் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே 2024 ஜனவரியிலிருந்து டெப் என்ற வேறு வடிவப் பேக்கேஜ் தருகிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி போட்ட பிறகு முதல் திறப்பு 4 விநாடி. பழக்கதோஷத்தில் அண்ணன் ஐந்து தடவை தட்டி ஐந்து விண்டோ திறந்தார். கழற்றிய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப் எடுக்க வைத்திருக்கிறார். உங்கள் டிஸ்க்கில் அந்த ஈவென்ட் 7 வரவில்லை என்றால் நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம். வந்திருந்தால் அதில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்.